இரு மொழி பேசும் வயலின்

இளையராஜா 1986ஆம் ஆண்டு அளித்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பைச் சித்தூரில் மீண்டும் கேட்டோம். அவ்வாண்டு மேலைநாட்டு இளைஞரை ஆட்டுவித்தது பான் ஜோவி குழுவினரின் மின்கிதார் முழக்கம். இங்கோ, தியாகராசருக்கும் ஜெர்மானியர் பாஹுக்கும் காணிக்கையான இத்தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலினே தலைமை ஏற்றது.

ஓரிடத்தில் பாஹின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசை தன் விரைவு குன்றாது ஓடுகிறது. அதன்மீது கமகம் தோய்ந்த மற்றொரு வயலின் தன்போக்கில் நடக்கிறது. எதுவும் எதற்காகவும் தன் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இதனை வெறும் கலவை என்பார் செவிகொடுத்துக் கேளாதவரே.

வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைக்கு இரண்டுமே சிதைந்துவிடுமோ என்று சித்தூரில் கவலையுறும் தமிழ்ப் பெற்றோர் உண்டு. பம்பாயிலும் டில்லியிலும் உள்ள உங்களுக்கும் அக்கவலை புதிதன்று. ஒருநாள் மாலை பிள்ளைகளோடு அமர்ந்து அவ்விரு வயலின்களையும் கேளுங்கள்.