கதவு இல்லாத அலமாரியும் அம்மாவும்

இன்னிக்கு ஒரு அலமாரிக் கதவைப் பத்திப் பேசப் போறேன். எபிசோடுக்கு இதெல்லாம் ஒரு விஷயமான்னு கேக்காதீங்க, எனக்கு அது ஒரு மாசத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

நான் இருக்கறது டோக்கியோவுல, நிஷி-கசாய் பக்கம். நம்ம ஊர் ஆளுங்க நிறைய இருக்கற ஏரியா. போன மார்ச்ல ஒரு பழைய அபார்ட்மெண்டுக்கு மாறினேன். தாத்தாமி பாய் போட்ட ஒரே ரூம். அதுல ஒரு ஒஷியிரே, அதாவது பகல்ல படுக்கையை மடிச்சு உள்ள வைக்கற ஆழமான அலமாரி. வழக்கமா அதுக்கு ஃபுசுமான்னு ரெண்டு தள்ளு கதவு இருக்கும். என் வீட்டுல இல்ல. பூஞ்சை பிடிச்சுதுன்னு எடுத்துட்டாங்களாம், வாடகை குறைவா இருந்ததோட ரகசியம் அதுதான். புதுசா செய்யச் சொன்னா அளவெடுத்துத்தான் செய்வாங்க. அட்வான்ஸ் கட்டின கையோட அதுக்கெல்லாம் என்கிட்ட காசு இல்ல.

மே மாசம் அம்மா வர்றதா இருந்துது. அப்பா போனப்புறம் அவங்க எங்கயும் கிளம்பினதே இல்ல. ஒவ்வொரு போன்லயும் "அங்க என்னடி இருக்கு, வந்துடு"ன்னு முடிப்பாங்க. இந்த வாயைப் பிளந்த அலமாரியைப் பார்த்தா அந்தப் பேச்சு எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்.

அப்பதான் செகண்ட்ஹேண்ட் கடையில ஒரு மடக்குத் திரை கிடைச்சுது. மரச் சட்டம், கட்டம் கட்டமா குச்சி, பின்னாடி வெள்ளைக் காகிதம். நாலு பலகை, ஒவ்வொண்ணும் 43 செ.மீ. அலமாரித் திறப்பு 173. கடையிலயே டேப் வெச்சு மூணு தடவை அளந்தேன். நடுக் கீலை மட்டும் கழட்டினா இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, மடக்குக் கதவு ரெடி.

மாட்டறதுதான் பிரச்சினை. இங்க வாடகை வீட்டுச் சுவர்ல ஸ்க்ரூ போட்டா, காலி பண்ணும்போது அது நம்ம கைக்காசு. அதனால தரைக்கும் கூரைக்கும் நடுவுல ஸ்பிரிங் மூடி போட்டு இறுக்கி நிறுத்தற மரத் தூண் ரெண்டு வாங்கி, அலமாரிக்கு ரெண்டு பக்கமும் நிறுத்தினேன். சுவர்ல ஒரு ஓட்டை கிடையாது. தூண்ல கீல் வெச்சு, பாய்ல உரசக் கூடாதுன்னு திரையை ஒரு செ.மீ. தூக்கி மாட்டினேன்.

நாலே நாள். சட்டம் சதுரமா இல்லாம கோணலாச்சு, காகிதம் மூலைக்கு மூலை சுருங்கிச்சு, மேல் கீல் பிச்சுக்கிட்டு வந்துது.

யோசிச்சுப் பார்த்தா தப்பு என்னுதுதான். கதவுன்னா தொங்கறதுக்குன்னே செஞ்சது, சட்டம் கனமா இருக்கும். திரை நிக்கறதுக்குச் செஞ்சது. மடிச்சு நிறுத்தினா அதோட எடையைத் தரை தாங்கிக்கும், கீலுக்கு வேலையே கம்மி. ஃபுசுமாகூட தொங்கறது இல்ல, கீழ் பள்ளத்துல உக்காந்துதான் நகரும். நான் மட்டும் சுள்ளி மாதிரி சட்டத்தைத் தொங்க விட்டிருக்கேன். திரும்ப இறக்கி, கால்ல தடிமனா ஃபெல்ட் ஒட்டி, தரையிலயே நிக்க விட்டேன். கீல் இப்ப சும்மா பிடிச்சுக்குது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அசையல.

அம்மா வந்தாங்க. முதல் நாள் ராத்திரி இருட்டா இருக்கேன்னு அலமாரிக்குள்ள இருந்த சின்ன எல்.இ.டி. லைட்டை எரிய விட்டேன். காகிதம் வழியா நிலா வெளிச்சம் மாதிரி அழகா இருந்துது. ரெண்டு மணிக்கு ஒரே அலறல். ஹேங்கர்ல தொங்கின என் கோட்டு, உள்ள ஒரு ஆள் நிக்கற மாதிரி நிழலா விழுந்திருக்கு. அம்மா தண்ணி பாட்டிலால ஒரே போடு! இந்தக் காகிதத்துல எந்தப் பக்கம் வெளிச்சமோ, அந்தப் பக்கத்து நிழல் இந்தப் பக்கம் விழும். உள்ள லைட்டை அணைச்சிருந்தா வெறும் வெள்ளைச் சுவர்தான்.

மறுநாள் நான் பசை வாங்கக் கிளம்பினா, "எதுக்கு? சோறு இருக்குல்ல"ன்னாங்க. நாமெல்லாம் பட்டம் ஒட்டினது சோத்துப் பருக்கையிலதானே. ஜப்பான்லயும் இந்தக் காகிதத்துக்குப் பழைய பசை அரிசி மாவுப் பசைதான். தண்ணி தொட்டா இளகும், பழைய காகிதத்தைச் சுலபமா உரிச்சுடலாம். இங்க கிழிசலைப் பூ வடிவத்துல வெட்டின காகிதம் வெச்சு மூடுவாங்கன்னு நான் சொன்னேன். அம்மா அஞ்சு இதழ்ல ஒண்ணு வெட்டினாங்க. கோலத்துல போடற பூ மாதிரியே இருந்துது. ஒட்டினதும் சுருக்கம். லேசா தண்ணி தெளிச்சு விட்டா, காயும்போது விறைச்சுக்கும். நீங்க செய்யறதா இருந்தா முதல்ல பாருங்க, பிளாஸ்டிக் பூசின காகிதத்துல இது வேலைக்கு ஆகாது.

"வந்துடு"ன்னு அந்த மூணு வாரத்துல அம்மா ஒரு தடவைகூட சொல்லல. நானும் ஏன்னு கேக்கல. இங்க வழக்கமா வருஷக் கடைசியில வீட்டைச் சுத்தம் பண்ணும்போது காகிதத்தையும் மாத்துவாங்க. இந்த டிசம்பர்ல நானும் மூணு பலகைக்கு மாத்திட்டேன். பூ இருக்கற பலகையை மட்டும் அப்படியே விட்டிருக்கேன், கொஞ்சம் மஞ்சளாத்தான் தெரியுது. வீடியோ கால்ல அம்மா முதல்ல அதைத்தான் காட்டச் சொல்றாங்க.