அவைப்பாடம்: ஒரு சொல்லும் ஒரு மரபும்



'மாஸ்டர் கிளாஸ்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று தமிழ்நாட்டில் பலர் நாவிலும் புழங்குகிறது. மட்டைவீரர் ஒருவர் நிதானமாக ஆடி நூறு ஓட்டம் எடுத்தால் நேர்முக வருணனையாளர் அச்சொல்லைச் சொல்கிறார். திரைப்பட விழாக்களில் இயக்குநர் ஆற்றும் உரைக்கு அதே பெயர். சிறுகதைப் பட்டறை அழைப்பிதழிலும் அது அச்சேறுகிறது. சொல் பெருகப் பெருகப் பொருள் நீர்த்துப்போவது மொழியில் இயல்பு. அதன் மூலப்பொருளை அறிந்துகொண்டால் நம் வட்டத்துக்கே ஒரு பயன் உண்டு.

இம்முறை ஐரோப்பிய இசையுலகில் உருப்பெற்றது. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1869 முதல், 1886இல் மறையும் வரை, ஆண்டுதோறும் சில மாதங்கள் ஜெர்மனியின் வைமார் நகரில் தங்கி இளைஞர்களுக்குக் கற்பித்தார். கட்டணம் பெறவில்லை. மாணவர் அனைவரும் ஒரே கூடத்தில் கூடுவர். ஒருவர் வாசிப்பார், லிஸ்ட் கேட்டுத் திருத்துவார், சில வேளை தாமே வாசித்துக் காட்டுவார். ஒருவருக்குச் சொன்ன திருத்தம் சுற்றியிருந்த அனைவருக்கும் பாடமாயிற்று. 1971இலும் 1972இலும் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் மரியா காலஸ் நடத்திய பாட்டு வகுப்புகளும் இவ்வகையினவே. எனவே இச்சொல்லுக்கு உயிரான கூறுகள் மூன்று: துறை கைவந்த ஆசான், தன் ஆக்கத்தை முன்வைக்கும் மாணவர், பார்த்துக் கற்கும் அவை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் தன் முதற்பொருளை இழக்கிறது.

மட்டைவீரரின் ஆட்டத்தைப் புகழும்போது ஆசான் இருக்கிறார், அவை இருக்கிறது, மாணவர் இல்லை. அங்கே சொல் பாராட்டாக மட்டும் நிற்கிறது. 2015இல் அமெரிக்காவில் இதே பெயரைத் தாங்கிய நிறுவனம் ஒன்று, புகழ்பெற்றோரின் பாடங்களைப் பதிவுசெய்து கட்டணத்துக்கு வழங்கத் தொடங்கியது. அதில் ஆசானின் குரல் மாணவருக்குக் கேட்கிறது. மாணவரின் குரல் ஆசானுக்குக் கேட்பதில்லை. அதனாலும் பயன் உண்டு. ஆயினும் அது வேறு பொருள்.

'மாஸ்டர்' என்பது தமிழுக்குப் புதியதன்று. நடன மாஸ்டர், டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கட்டிங் மாஸ்டர் என்று கைத்தொழிலில் தேர்ந்தவரைத் தமிழர் அச்சொல்லால் மதித்தனர். வெட்டுவதை ஏவலாள் பக்கத்தில் நின்று பார்க்கிறான். ஒரு நாள் கத்திரி அவன் கைக்கு வருகிறது. அவன் பிழையை மாஸ்டர் அங்கேயே திருத்துகிறார். பட்டமும் பாடநூலும் இல்லாத அந்தத் தையற்கடை சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறது.

கற்றல் குறித்து நன்னூலின் பாயிரம் வகுக்கும் கணக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது நிறையும். பவணந்தியார் ஆசானுக்குக் கால் பங்குக்கு மேல் தரவில்லை என்பது எண்ணத்தக்கது. மாஸ்டர் கிளாஸ் என்னும் முறை, முதற்காலையும் இரண்டாம் காலையும் ஒரே கூடத்தில் சேர்த்துவைக்கிறது.

அந்த நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். இலக்கணக் கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகரிடம் பாடங்கேட்டவர். அவ்வுரையைப் பின்னர்த் திருத்தி விரித்தவர், பொருநைக் கரையின் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர். மூத்தோர் உரையைப் போற்றுவதும் திருத்துவதும் ஒரே மரபின் இரு கைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்நகரின் பெயரோடு ஒன்றிவிட்ட இலக்கியக் கூட்டம் வட்டத்தொட்டி. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வண்ணார்பேட்டை இல்லத்தின் வட்டமான தொட்டிக்கட்டில் அன்பர்களைக் கூட்டிக் கம்பனைச் சுவைத்தார். பாடலைப் பொருள் பிரித்துக் கூறுவதோடு அவர் நிற்கவில்லை. தாளமும் உணர்ச்சியும் புலப்படும்படி ஒரே பாடலை மீண்டும் மீண்டும் சொல்லிக்காட்டுவார். தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப.சோமு, நீதிபதி எஸ்.மகராஜன் முதலியோர் அந்த நிழலில் வளர்ந்தவர்கள்.

வட்டத்தொட்டியை மாஸ்டர் கிளாஸ் என்னலாமா? கண்டிப்பாகப் பொருள் கொண்டால், முழுதும் பொருந்தாது. அங்கே நடுவில் வைக்கப்பட்டது கம்பன் பாடல். கேட்க வந்தவர் எழுதிய பாடல் அன்று. ஆனால் கவிதையை எழுதக் கற்பதற்கு முன் கேட்கக் கற்க வேண்டும். அந்தச் செவிப்பயிற்சியை அளித்த வகையில் அது மாஸ்டர் கிளாசின் முதற்படி.

அதே வட்டத்தொட்டி ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றது. தம் சுவைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை டி.கே.சி. இடைச்செருகல் என ஒதுக்கினார். சொற்களை மாற்றியும் பதிப்பித்தார். ஏட்டுச் சான்றை மதிக்கும் புலவர்கள் அதை ஏற்கவில்லை. ஆசானின் சுவை சான்றின் இடத்தில் அமர்ந்துவிடும் ஆபத்து இத்தகைய கூட்டம் ஒவ்வொன்றிலும் உண்டு. திருத்தத்துக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். காரணத்தை மறுக்க மாணவருக்கு இடம் வேண்டும். இவையில்லாத இடத்தில் கவிஞர் உருவாகார்; படிகளே உருவாகும்.

இச்சொல்லுக்குத் தமிழ் என்ன? 'முதுகலை வகுப்பு' என்றால் பல்கலைக்கழகப் பட்டம் நினைவுக்கு வரும். 'வல்லுநர் வகுப்பு' ஆசானை மட்டும் காட்டும். 'அரங்கேற்றம்' முற்றுப்பெற்ற நூலுக்கு உரியது. இங்கே வருவதோ திருந்த வேண்டிய ஆக்கம். பாடஞ்சொல்லுதல், பாடங்கேட்டல் என்ற தொடர்கள் நம்மிடம் உண்டு. பாடம் என்பது கற்பிக்கப்படுவதையும் குறிக்கும்; பாடபேதம் என்கையில் நூலின் சொல்வடிவத்தையும் குறிக்கும். கவிதைக்கு இரண்டும் வேண்டும். எனவே 'அவைப்பாடம்' என்னும் சொல்லை இவ்வட்டத்தின் முன் வைப்பது பொருந்தும்.

சொல்லை ஏற்பதைவிடச் செயலை ஏற்பது கடினம். இலக்கிய வட்டங்களின் கவியரங்குகளில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. கவிஞர் படிக்கிறார், அவை கைதட்டுகிறது, பொன்னாடை அணிவிக்கப்படுகிறது. கவிதை வந்தபடியே வீடு திரும்புகிறது. பிழையான சீர் பிழையாகவே இருக்கிறது. தேய்ந்த உவமை அடுத்த மாதமும் வருகிறது. கைதட்டல் அன்பின் அடையாளந்தான். ஆனால் அது மட்டுமே கிடைக்கும் கவிஞர் உண்மையில் கேட்பாரற்றவர்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம், திங்கள்தோறும் ஒரு கவிதையை மட்டும் அவைப்பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் இருமுறை படிக்கட்டும். மூத்த கவிஞர் ஒருவர் காரணத்தோடு திருத்தம் சொல்லட்டும். அவை வினவட்டும். மறுதிங்கள் அதே கவிதை திருந்திய வடிவில் வரட்டும்; திருந்த மறுத்தால், மறுத்த காரணத்தோடு வரட்டும். அதற்கு அடுத்த திங்கள், இன்று திருத்தம் பெற்றவர் இன்னொருவர் கவிதைக்கு உரை சொல்லட்டும். நன்னூலார் சொன்ன அந்த அரைப் பங்கு அப்போதுதான் கைக்கு வரும்.