தண்ணீர் ஊற்றுவது யார்?

நாங்கள் படித்த காலத்திலும் சேவைச் சங்கம் வாராவாரம் கூடும்; நிகழ்ச்சிப் பட்டியல் போடுவோம். ஒரு ஞாயிறு மாகறலில், செய்யாற்றங்கரையோரம் மரக்கன்று நட்டோம். போட்டோவும் எடுத்தாச்சு. ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "நட்டுட்டுப் போயிடுவீங்க தம்பி, தண்ணி யாரு ஊத்துறது?" எங்களிடம் பதில் இல்லை. கோடையில் பாதிக்கு மேல் கருகிப்போச்சு.

அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம். அதற்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். பொறுப்பு ஓராண்டு.

ரத்ததானம், கண் சிகிச்சை முகாம் என்று அறிவித்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தேதியோடு இன்னொன்றும் எழுதுங்கள்: முகாம் முடிந்த மறுவாரம் போய்ப் பார்ப்பவர் பெயர். முதல் பெயராக என்னுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.