ஏமாந்தது தப்பில்லை, மறைத்ததுதான் தப்பு



நான் பத்தாவது வரை படித்தவள். விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டு வேலை, ரெண்டு மாடு, முந்திரி சீசன் வந்தால் கொட்டை உடைக்கிற வேலை, இதுதான் நம்ம பொழப்பு. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஆனால் இணையதள மோசடி பற்றிப் பேச யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டபோது, தலைவி அக்கா என்னைத்தான் காட்டினார்கள். ஏன்னா, ஏமாந்தவள் நான்.

போன வருஷம் ஆடி மாசம். சொந்தக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினாள். "மகளிர் குழுவுக்கு 2 லட்சம் கடன், வட்டி இல்லை, பாதி மானியம்" என்று இருந்தது. தொட்டதும் ஒரு பக்கம் திறந்தது. மேலே கோபுர முத்திரை, கீழே தலைவர்கள் படம், நடுவில் பெயர், ஆதார், குழுவின் பெயர் கேட்டு ஒரு படிவம். பூர்த்தி செய்தேன். நல்ல காரியம்தானே என்று எங்கள் குழுவில் நாலு பேருக்கும் அதே லிங்கை அனுப்பி வைத்தேன்.

அரை மணியில் ஒரு போன். "சொல்லுங்கம்மா, உங்க கடன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றார் ஒருவர். பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய் கட்டச் சொன்னார். கட்டினேன். இன்சூரன்ஸ் என்று 4,600 கேட்டார். அதையும் கட்டினேன். மூன்றாவதாக 9,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. கேள்வி கேட்டேன். போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவே இல்லை.

போன 6,450 ரூபாயும் என் காசு இல்லை, சகோதரிகளே. அந்த மாதம் குழுக் கடனுக்குக் கட்ட உறுப்பினர்கள் என்னை நம்பிக் கொடுத்த தவணைப் பணம்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் திட்டுவார் என்று பயம். "பத்தாவது படிச்சவளே இப்படியா" என்று குழுவில் கேட்பார்கள் என்று வெட்கம். கம்மலை அடகு வைத்துத் தவணையைக் கட்டினேன். காதில் வெறும் குச்சி. கேட்டவர்களிடம் கம்மல் திருகு கழண்டுடுச்சு என்று பொய் சொன்னேன். பதினோரு நாள் இப்படியே போனது.

பன்னிரண்டாம் நாள் குழுக் கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி என் காதோடு, "அக்கா, நீங்க அனுப்பின கடனுக்கு 1,850 கட்டிட்டேன், எப்ப வரும்?" என்று கேட்டாள். மூணு நாள் முன்னாடி கட்டியிருக்கிறாள். எனக்கு உலகமே சுத்திடுச்சு. அங்கேயே அழுது எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. எங்கள் குழுவின் மூத்த அக்கா மட்டும் ஒன்று சொன்னார்: "கம்மலை அடகு வச்ச அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா, இவ காசாவது தப்பிச்சிருக்கும்டி."

அந்த வார்த்தைக்காகத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். அன்றே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்தோம். ரெண்டு பேர் பணமும் அதற்குள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. திரும்ப வரவில்லை.

நமக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைக்காதீர்கள். நம்ம மாவட்டத்திலேயே பண்ருட்டியில், 2020-ஆம் வருஷம், ஸ்டேட் வங்கி பெயரில் ஒரு போலிக் கிளையையே வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர், சலான், ரப்பர் ஸ்டாம்ப், இணையதளம் கூட ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு வாடிக்கையாளர் உண்மையான கிளைக்குப் போய், "புதுசா இன்னொரு கிளை திறந்திருக்கீங்களா?" என்று கேட்டதால்தான் அது வெளியே வந்தது. ஜூலை மாதம் மூன்று பேரைக் கைது செய்தார்கள். போலிக் கட்டடத்தையே வைக்க முடியும் என்றால், போலி இணையதளம் வைப்பது எவ்வளவு சுலபம்! அன்றைக்குக் காப்பாற்றியது ஒரே ஒரு கேள்வி.

நம்ம ஊர்ப் பழமலைநாதர் சுந்தரருக்குப் பொன் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அவர் அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார். அப்படிப் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். தரம் சரியா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். சாமி கொடுத்ததையே சோதித்து வாங்கினார்கள். முகம் தெரியாதவன் கொடுப்பதாகச் சொல்வதை நாம் சோதிக்க வேண்டாமா?

எப்படிச் சோதிப்பது? பீங்கான் ஜாடி வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

முதலில் முகவரியைப் படியுங்கள். "தமிழ்நாடு", "மகளிர்", "லோன்" என்று அதில் எவனும் எழுதிக்கொள்ளலாம். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசு இணையதளம் என்றால் பெரும்பாலும் "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" என்று முடியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் "பேங்க் டாட் இன்" என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. முகவரிப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போலித் தளத்திலும் அந்தப் பூட்டு இருக்கும்.

இரண்டாவது, கடன் கொடுக்கிறவன் முதலில் நம்மிடம் பணம் கேட்டால் அது மோசடி. நம் குழுவுக்குக் கடன் எப்படி வந்தது? கூட்டம் போட்டோம், தீர்மான நோட்டில் எழுதினோம், கையெழுத்துப் போட்டோம், வங்கிக்கு நேரில் போனோம். லிங்க் தொட்டதால் எந்தக் குழுவுக்கும் கடன் வந்ததில்லை. அந்த ஒன்றை நான் யோசித்திருந்தாலே தப்பித்திருப்பேன்.

மூன்றாவது, நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையில்லை, ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டும் நம் பணம் போவதற்குத்தான். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். 2023-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதே ஓடிபி கேட்டு ஏமாற்றப் பார்த்தார்கள், அரசே எச்சரிக்கை செய்தது. வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது.

இவ்வளவு தெரிந்தும் ஒருநாள் ஏமாறலாம். அவசரம், கஷ்டம், ஆசை யாருக்கு இல்லை? ஏமாந்தால் என்ன செய்வது?

நம்ம பக்கத்தில் பொருள் காணாமல் போனால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவோம். கட்டுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் பிராது 1930-க்குப் போகட்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அடுத்த போன் உங்கள் வங்கிக்கு. நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கியில் புகார் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே விதி போட்டிருக்கிறது. பணம் போன மெசேஜ், பேசிய நம்பர், லிங்க், எதையும் அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. "சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்" என்ற அரசுத் தளத்திலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். படிக்கத் தெரியாதவர்கள் குழுவில் படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது போன் உங்கள் குழுவுக்கு. எங்கள் குழுவில் அன்றைக்கே ஒரு தீர்மானம் எழுதினோம்: லிங்க் வந்தால் கூட்டத்தில் காட்டாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது, பணம் போனால் அன்றைக்கே சொல்ல வேண்டும், சொன்னவளை யாரும் ஒரு வார்த்தை பழிக்கக் கூடாது. இந்த மூன்றாவதுதான் பெரிது. பழிப்போம் என்று தெரிந்தால் எவள் வாயைத் திறப்பாள்?

தீர்மானம் எழுதின பிறகு எங்கள் குழுவில் ஒரு அக்காவின் பையன், வீட்டிலிருந்தே வேலை என்ற விளம்பரத்தை நம்பி 5,000 ரூபாய் கட்டிவிட்டான். அந்த அக்கா இருபது நிமிஷத்தில் 1930-க்கும் சொன்னார், எங்களுக்கும் சொன்னார். 3,200 ரூபாயை நிறுத்தி வைத்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. பணம் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் திருடன் கைக்கும் போகவில்லை.

அந்தத் தங்கச்சியின் 1,850 ரூபாயை நான் மாதம் 200 வீதம் கொடுத்து முடித்துவிட்டேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். அனுப்பியது நான், மறைத்ததும் நான். என் கம்மல் இந்தத் தைப்பொங்கலுக்கு மீண்டு வந்தது. இதோ, காதில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை திருகு மாட்டும்போதும் அந்த மூத்த அக்காவின் வார்த்தை ஞாபகம் வருகிறது.

நீங்களும் உங்கள் குழு நோட்டின் முதல் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.