ஒரு சோறு பதம் போதாது



காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற அக்கா தங்கச்சிகளுக்காக நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. 2024 ஜூலை 15-இல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவானபோது, நம்ம மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்தப் பெருமை இருக்கட்டும். நான் பேச வந்தது பதத்தைப் பற்றி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். வீட்டுப் பானைக்குச் சரி. நூறு பிள்ளைகளுக்குப் பொங்கல் வைக்கிற குண்டானுக்கு அது சரிவராது. அடியில் குழைஞ்சிருக்கும், மேலே அரிசி முழிச்சுப் பார்க்கும். அடி, ஓரம், மேல் என்று மூணு இடத்திலும் எடுத்து நசுக்கிப் பாருங்க. நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிஞ்சா இன்னும் வேகணும்.

ரவைக்கு வேற கணக்கு. வறுக்கும்போது வாசம் வரணும், நிறம் மாறக்கூடாது. அப்புறம், இறக்குற நேரத்துப் பதம் வேற, பிள்ளைங்க சாப்பிடுற நேரத்துப் பதம் வேற. ஏழரைக்கு இறக்கின உப்புமா எட்டேகாலுக்கு இறுகிடும். நம்ம வீட்டுல "என்ன இது, கூழாட்டம் இருக்கு"ன்னு கேட்பாங்களே, அந்தத் தளர்வில் இறக்குங்க. சேமியாவை லேசா நறுக்குன்னு இருக்கும்போதே இறக்கணும். மிச்சத்தை மூடி வெச்ச சூடே பார்த்துக்கும்.

சாம்பார்ப் பருப்பு ஒரு பிள்ளைக்கு 15 கிராம்தான். அது கரையலைன்னா அடியில் தங்கிடும். முதல் வரிசைக்கு வெறும் தண்ணி, கடைசி வரிசைக்குப் பருப்பு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கடல் தண்ணி நிலத்தடியில் ஏறியிருக்கு. அந்த போர் தண்ணியில் துவரம்பருப்பு சுலபமா மசியாது, குடிதண்ணியில் வேக வைங்க. புளியும் தக்காளியும் பருப்பு மசிஞ்ச பிறகுதான்.

மணியாச்சேன்னு அரைவேக்காட்டில் இறக்காதீங்க. பத்து நிமிஷம் பிந்தும்னா தலைமையாசிரியரிடம் சொல்லிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட் போற அம்மாவின் பிள்ளைக்கு நாம போடுறதுதான் காலைச் சாப்பாடு. ஒண்ணாம் வகுப்புக் குழந்தை நம்மகிட்ட வந்து குறை சொல்லாது. தட்டை அப்படியே வெச்சிட்டு, வெறும் வயித்தோட வகுப்புக்குப் போயிடும். அதனால பாத்திரம் கழுவும் முன்னே தட்டுல மிஞ்சினதைப் பாருங்க.

உங்க பள்ளி அடுப்புக்கு ஒரு படி ரவைக்கு எத்தனை படி தண்ணின்னு எழுதி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. அடுப்புக்கு அடுப்பு மாறும், ஒப்பிட்டுப் பேசுவோம்.