காங்கேயம் காளையைக் கேட்டுப் பாருங்கள்

பகலில் ஐ.டி. கம்பெனியிலோ மில்லிலோ வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கோவையில் நிறையப் பேர். படம் எடுத்துத் தருகிற ஏ.ஐ. சேவைகளில் எதை நம்பிப் பணம் கட்டலாம் என்று இப்போது கேட்கிறார்கள். ரன்வே, கூகுளின் வியோ, கிளிங், குரலுக்கு இலெவன்லேப்ஸ் என்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 2025இல் வெளிவந்த ‘லவ் யூ’ என்ற கன்னடப் படத்தை ஏ.ஐ.யை வைத்தே சுமார் 10 லட்ச ரூபாயில் முடித்துவிட்டதாக வந்த செய்தி வேறு ஆசையைக் கிளப்பிவிட்டது.

மாதச் சந்தா எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் சேர்க்கக்கூடிய ஒரு நொடிக்கு என்ன செலவு என்று பாருங்கள். இவை பெரும்பாலும் கிரெடிட் கணக்கில் ஓடுகின்றன. வந்த காட்சி பிடிக்காவிட்டாலும் கிரெடிட் போனது போனதுதான். பத்துக்கு ஒன்று தேறுகிறதென்றால், 10 நிமிடப் படத்துக்கு 100 நிமிடத்துக்கான காசு கட்டுகிறீர்கள்.

விளம்பரக் காட்சியை ஓரமாக வையுங்கள். உங்கள் கதையிலேயே கஷ்டமான இடம் எதுவோ அதைக் கொடுத்துச் சோதியுங்கள். சித்திரை வெயில், காய்ந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, அதன் ஓரம் ஒரு காங்கேயம் காளை. உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் கருப்பு. இதைக் கேட்டால் பச்சைப் புல்வெளியில், மரச்சட்ட வேலிக்குப் பக்கத்தில், எந்த ஊர் மாடோ வந்து நிற்கலாம். மாட்டைச் சரிசெய்தால் அடுத்த ஷாட்டில் கொம்பு வேறு மாதிரி வளைந்திருக்கும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுத்தான் விலை பேசுவார்கள். அந்த நிதானம் இங்கேயும் வேண்டும்.

குரலில் இன்னும் கவனம் தேவை. ‘ஏனுங் மாமா, எப்ப வந்தீங்?’ என்று கொங்குத் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த ‘ங்’ மூக்கில் நின்று ஒலிக்கிறதில்தான் மரியாதையும் சொந்தமும் இருக்கின்றன. எந்திரம் அதைச் செய்தி வாசிப்பது போல ஒப்பித்தால், வசனத்தில் எழுத்து மட்டுமே மிஞ்சும். மணிவண்ணன், கவுண்டமணி, கோவை சரளா பேச்சைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. வந்த குரலை உங்கள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் டப்பிங் கலைஞரைக் கூப்பிடுங்கள்.

ஒரே சொடுக்கில் ஆறு மொழியில் பேச வைக்கிறோம் என்கிறார்கள். நம் கோவையின் பட்சிராஜா ஸ்டுடியோ 1950களிலேயே ‘மலைக்கள்ளன்’ கதையை ஆறு மொழிகளில் படமாக்கியது. தமிழில் எம்.ஜி.ஆர்., தெலுங்கில் என்.டி.ஆர்., இந்தியில் திலீப் குமார். அதன் உரிமையாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஒவ்வொரு மொழிக்கும் தனி நாயகரையே நடிக்க வைத்தார். அந்தச் செலவு இன்று நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனாலும் அந்த மொழி தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக் கேட்காமல் எதையும் வெளியிடாதீர்கள்.

தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய வேலைகளும் உண்டு. சோமனூர்ப் பக்கம் எடுத்த காட்சியில் விசைத்தறிச் சத்தம் வசனத்தை விழுங்கியிருந்தால், சத்தத்தைப் பிரித்து எடுப்பதில் ஏ.ஐ. மென்பொருள்கள் பெரிய உதவி. சப்டைட்டிலின் முதல் வரைவுக்கும், தயாரிப்பாளரிடம் காட்டும் ஸ்டோரிபோர்டுக்கும் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

எது சொந்தம், எது வாடகை என்பதையும் யோசியுங்கள். 1905இல் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கருவி அவருக்குச் சொந்தம். நீங்கள் கட்டுவதோ வாடகை. பாதிப் படத்தில் அந்த ஏ.ஐ. நிறுவனம் மாடலை மாற்றினால், நேற்று வந்த கதாநாயகியின் முகம் இன்று வராமல் போகலாம். அன்றன்றைக்கு உருவாக்கியதை அன்றன்றைக்கே உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, சம்மதம். ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏ.ஐ. மூலம் பாட வைத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த ‘அம்பிகாபதி’யின் முடிவை ஏ.ஐ.யால் மாற்றி மறுவெளியீடு செய்தபோது, இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தனுஷுக்கே இந்த நிலை. உங்கள் படத்தில் நடிக்கிற தோட்டத்துப் பாட்டிக்கு யார் பேசுவார்கள்? அவர் முகத்தையும் குரலையும் ஏற்றும் முன், அவருக்கு விளங்கும்படி சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஏற்றியதை வைத்துத் தங்கள் மாடலுக்குப் பயிற்சி கொடுப்பார்களா, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, படத்தை விற்கும் உரிமை எந்தத் திட்டத்தில் வருகிறது என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு அட்டை எண்ணைக் கொடுக்கலாம்.