கோடை விடுமுறையும் குடும்பப் படிப்பும்
(கடலூரிலும் சிதம்பரத்திலும் பேசிய பேச்சின் சாரம்)



பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டிலிருக்கிறார்கள். இந்தக் கோடையில் இவர்களை என்ன செய்வது என்பதே பெற்றோர்களுக்குப் பெரிய கவலையாயிருக்கின்றது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்க அனுப்பவும், கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போகவும், மற்ற நேரத்தில் கைப்பேசியைக் கொடுத்து மூலையில் உட்கார வைக்கவும் நமக்குத் தெரிகின்றது. ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு புத்தகம் படியுங்கள் என்றால் மாத்திரம், "அதற்கெல்லாம் நமக்கேது பழக்கம்?" என்கிறோம்.

இது பொய்ச் சமாதானமாகும். முன்பு தென்னாற்காடு ஜில்லாவாயிருந்த நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் உண்டா? கோடை வந்தால் பாரதம் வைக்கிறார்கள். பிரசங்கியார் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்க, ஊரே நாள் கணக்கில் உட்கார்ந்து கேட்கின்றது. எழுத்தறியாத கிழவிகூட எந்தக் கட்டத்தில் யார் என்ன பேசினார் என்று வரிசை தப்பாமல் ஒப்பிக்கிறாள். ஆகவே, ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நமக்குப் புதிதே அல்ல. கேட்கும் காதும் உண்டு, பொறுமையும் உண்டு, ஞாபகசக்தியும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கேள்வி கேட்க அங்கே இடமில்லை. பெண்டாட்டியைச் சூதில் பணயம் வைக்கப் புருஷனுக்கு என்ன பாத்தியம் என்று திரௌபதியே சபையில் கேட்டதாகக் கதை சொல்லுகின்றது. கதையில் வந்த பெண் கேட்கலாம்; கதை கேட்க வந்த பெண் எழுந்து கேட்டால், "அடங்காப்பிடாரி" என்பார்கள்! நாம் வேண்டுவதெல்லாம், அதே காதையும் பொறுமையையும் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, அங்கே கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

தோழர்களே! படிப்பு நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. இந்தச் சிதம்பரத்தில் நந்தன் நெருப்பில் இறங்கிய பிறகே கோயிலுக்குள் போக முடிந்தது என்று புராணமே சொல்லுகின்றது. அதே ஊரில் 1916ல் சுவாமி சகஜானந்தர், நந்தன் பெயரால் கல்விக் கழகம் வைத்து, தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். சாமி, பூதம் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்துவராது. ஆனாலும், வாசலில் நின்று கும்பிட்டதைவிட உள்ளே உட்கார்ந்து படித்ததே அந்தப் பிள்ளைகளைக் கரையேற்றிற்று என்பதை யார் மறுக்க முடியும்? 1929ல் இவ்வூரில் சர்வகலாசாலையும் வந்தது. சர்வகலாசாலை இருக்கும் ஊரில், பஞ்சாங்கத்தைத் தவிர வேறு புத்தகம் நுழையாத வீடுகள் இருக்கலாமா என்று கேட்கின்றோம்.

2011ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நம் தமிழ்நாட்டு ஆண்களில் 100க்கு சுமார் 87 பேருக்கும், பெண்களில் 100க்கு சுமார் 73 பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். அந்த மீதிப் பெண்கள் யார்? நம் தாயார்களும் பாட்டிமார்களும் அவர்களில் அடக்கமல்லவா? அவர்கள் இனிப் பள்ளிக்கூடம் போகப் போவதில்லை. ஆனால் வீட்டிலுள்ள பேத்தி வாய்விட்டுப் படித்தால், அவர்கள் காது வழியாகப் படிக்கலாம். சுயமரியாதைப் பத்திரிகைகள் ஆரம்பத்தில் பரவியதும் இப்படியேதான். டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் ஒருவர் படித்தார், பத்துப் பேர் கேட்டார்கள், வாதாடினார்கள்.

படிப்பதால் என்ன பிரயோஜனம் என்பீர்களானால், கோடையில் வரும் அம்மையையே எடுத்துக்கொள்வோம். மாரியாத்தாள் விளையாடுகிறாள் என்று வேப்பிலை கட்டி, டாக்டரிடம் போகாமல் வீட்டுக்குள் படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. பெரியம்மைக்கு 1796ல் ஜென்னர் என்பவர் மாட்டம்மைப்பாலைக் குத்தித் தடுப்புக் கண்டார். அந்த வழியே போய், 1975ல் இந்தியாவிலும், பிறகு உலகமெங்கும் அந்நோய் ஒழிந்து, 1980 மே மாதத்தில் உலகச் சுகாதார சபை அதை அறிவித்துவிட்டது. கோயில்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெரியம்மை மாத்திரம் போய்விட்டது! அப்படியானால் அதை அனுப்பியது யார், விரட்டியது யார்? இந்தச் சரித்திரத்தை ஒரு மாலையில் ஒரு பெண் தன் தாய்க்குப் படித்துக் காட்டுவாளானால், தட்டம்மைக்கான தடுப்பூசி நாளில் அந்த வீட்டுக் குழந்தை விட்டுப்போகாது. ஒரு குழந்தையின் கண்ணும் உயிரும் மிஞ்சும். இதைவிடப் பெரிய பிரயோஜனம் எதுவோ?

புத்தகத்திற்குப் பணமேது என்கிறார்கள். சிதம்பரத்திற்குத் தெற்கே சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் அவர்கள் நூலக சாஸ்திரத்திற்கே ஐந்து விதிகள் வகுத்தார். அவர் விடாமுயற்சியின் பயனாக 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். ஆகவே, நூலகப் புத்தகம் தர்மமல்ல; நாம் முன்பணம் கட்டிய சொத்தாகும். கட்டின பணத்திற்குச் சாமான் வாங்காமல் திரும்புகிறவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? 1931லேயே மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிற்று. இன்று பஸ் ஏறிப் போக நமக்குச் சோம்பலா?

முறை சுலபமானது. பொழுது சாய்ந்தபின் ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள் முறை வைத்துப் படிக்கட்டும். பெண்ணின் முறை வரும்போது, "அடுப்பைப் பார்" என்று அவளை எழுப்பக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்திற்கு ஆண்கள் அடுப்பைப் பார்த்தால் உலகம் முழுகிவிடாது. புரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். பதில் தெரியாத தகப்பன், "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லட்டும். "வாயை மூடு" என்று சொல்ல வேண்டாம். நம்முடைய புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. கதையோ, சரித்திரமோ, விஞ்ஞானமோ, ராமாயணமேயானாலும் சரி, கேள்வியோடு படியுங்கள். நாம் எழுதியதையும் அப்படியே சோதித்துப் பாருங்கள். அறிவுக்கு ஒவ்வாததைத் தள்ளிவிடுங்கள்.

பாட்டன் சொன்னான், பிரசங்கி சொன்னார் என்று கேட்டுக் கேட்டே பல தலைமுறைகளைத் தொலைத்தோம். இந்தக் கோடையிலாவது நம் வீட்டுப் பெண் படிக்க, நாம் கேட்போமாக.